மஞ்சள் வண்டியும் அக்கா வைத்த பொட்டும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. துபாயில் பதினோரு வருடம் அப்படிப்பட்ட வண்டிகளை அவிழ்த்துப் பூட்டியவன் நான். இப்போது தென்காசியில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் யார் பழைய கார் வாங்கினாலும் அடிபட்ட வண்டியா, கிலோமீட்டரைத் திருத்தியிருக்கிறார்களா என்று என்னிடம்தான் கேட்பார்கள். நானும் பெரிய மனிதன் போல எடுத்துச் சொல்வேன். கேட்கிறவன் எவனோ ஒருவனாக இருந்தால் என் வாய் நன்றாகவே பேசும். என் சொந்த அக்காவுக்கு மட்டும் அது பேசவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். என் தொனி பிடிக்காதவர்கள் தாராளமாக எழுந்து போகலாம்.

அக்காவின் கணவருக்குச் சுரண்டையில் காய்கறி கமிஷன் கடை. விடியுமுன் எழுந்து தக்காளிக் கூடைகளோடு மல்லுக்கட்டி முன்னுக்கு வந்த மனிதர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அவருடைய சென்னைப் பங்காளி ஒருவர் அங்கே தரையோடு தரையாக ஒட்டிய சிவப்பு வண்டியில் வந்து இறங்கினாராம். தாலி கட்டுகிற நேரத்தில் பாதி மண்டபம் வாசலில் நின்று வண்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்ததாம். அன்றிலிருந்து அத்தானுக்கு அப்படி ஒன்று வேண்டும். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது, ஆகவே பழையது.

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சுரண்டையிலிருந்து தென்காசி வருவதற்குள் எத்தனை வேகத்தடை, ஒவ்வொன்றிலும் வண்டியின் வயிறு உரசும் என்றேன். ஒரு சென்சார் போனால் கொச்சிக்கோ சென்னைக்கோ லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்றேன். பிரேக் தட்டு நான்கையும் மாற்றுகிற செலவில் ஒரு நல்ல குடும்ப வண்டி வாங்கலாம் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மஞ்சள் நிறத்தில் கிடைக்குமா என்று கேட்டார்.

கடைசியில் அக்காதான் போன் செய்தாள். “அவிய ஆசைப்படுதாவ, விடுலே. நீ கூட வந்து நல்ல வண்டியா பாத்துக் குடு, அது போதும். ரெண்டே சீட்டுதான் இருக்காம்லா? இன்னொண்ணுல நாந்தான இருக்கப் போறேன்.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அது உறைத்தது. அவள் உட்காரப் போகிற வண்டி என்றால் ஆணி ஆணியாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில், ஒரு விடுதியின் பின்புறத் தகரக் கொட்டகையில் மஞ்சள் வண்டி ஒன்று நிற்பதாக ஒரு புரோக்கர் தகவல் கொண்டுவந்தார். இத்தாலியில் செய்தது, கைமாறிக் கைமாறி மலை தாண்டி வந்தது. நான் புரோக்கரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு வருவேன், அதுவரை யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. முதல் உறுமலில் தட்டுகிற சத்தம், புகையின் நிறம், எண்ணெய் கருகுகிற வாடை எல்லாம் வெளியே வந்துவிடும். சூடான எஞ்சின் எல்லாவற்றையும் மறைத்துவிடும். விற்கிறவன் முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருந்தால் அவனிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

எட்டு மணிக்கு நான் போனபோது கொட்டகையில் ஊதுவத்தி மணந்தது. அத்தான் பட்டுக்கரை வேட்டியில் நின்றார். அக்கா தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். வண்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். எஞ்சின் மூடியில் கை வைத்தேன், இட்லிச் சட்டி போலச் சுட்டது. புரோக்கரைப் பார்த்தேன். நல்ல நேரம் எட்டரைக்குள் முடிந்துவிடுகிறதாம், பூஜை போடும்போது வண்டி சத்தம் கொடுக்காமல் ஊமையாக நிற்கலாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அத்தான் அவர் பக்கம் நின்று ஆமாம் ஆமாம் என்றார்.

அப்போதே நான் திரும்பி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வண்டி வாங்குவதும் பெண் பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை பேசி முடித்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு குறை சொல்லுகிறவன் நல்ல காரியத்தில் வாய் வைத்தவன் ஆகிவிடுவான். வண்டிக்கு நாளை ஏதாவது நேர்ந்தால்கூட அவன் நாக்கினால்தான் நேர்ந்தது என்பார்கள். புரோக்கருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நான் வருவதற்குள் தட்டு அத்தானின் கைக்கு வந்திருந்தது.

பிறகு புரோக்கர் சந்தனக் கிண்ணத்தை அக்காவிடம் கொடுத்தார். தாலியும் பூவுமாக நிற்கிற மகராசி கையால் பொட்டு வைத்தால்தான் விசேஷம் என்றார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்குகளுக்கு வைத்தாள், நாலு மூலைக்கும் வைத்தாள், ஸ்டியரிங்குக்கு வைத்தாள். புரோக்கர் குனிந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகத்தை முள் காட்டுகிற கண்ணாடியின் இடது கீழ் மூலையை விரலால் தொட்டுக் காட்டினார்.

“தாயே, இங்கன ஒண்ணு வைங்க. நல்லாக் கெட்டியா வைங்க.”

அவளும் கெட்டியாக வைத்தாள். அதன்மேல் குங்குமம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் புரோக்கர் என் பக்கம் திரும்பி, இனி நீங்கள் பாருங்கள் என்றார். பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் அது பிறந்த வாரமும் வருடமும் எண்ணாகப் பதிந்திருக்கும். நாலும் வெவ்வேறு வருடம். சரி, டயரை மாற்றிக்கொள்ளலாம். கதவுக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பக்கம் விரல் நுழைந்தது, மறுபக்கம் நகம்கூட நுழையவில்லை. கால்மிதிக்குக் கீழே இருந்த கம்பளம் புதிது, பசை வாடை இன்னும் போகவில்லை. உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் யாரும் இதைச் செய்வதில்லை. கழுவுகிறவன் தெரிகிற இடத்தைத்தான் கழுவுவான், சுருளுக்குள் சுருண்டு கிடக்கிற கடைசி முழத்தை எவனும் கழுவ மாட்டான். அந்தக் கடைசி முழத்தில் தேநீர் நிறத்தில் ஒரு கோடு. தண்ணீர் வந்து நின்ற கோடு. இந்த வண்டி இருக்கை மூழ்க வெள்ளத்தில் கிடந்திருக்கிறது.

மோதினால் பெல்ட்டை இறுக்கிக் காற்றுப் பையையும் விரியச் செய்கிற பெட்டி அந்த வண்டியில் இரண்டு இருக்கைக்கும் நடுவே தரையில்தான் இருக்கிறது. வெள்ளம் முதலில் குடிப்பது அதைத்தான். அது பழுதா இல்லையா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சாவியைத் திருப்பினால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும், சில நொடியில் அணைந்துவிட வேண்டும். அணையாவிட்டால் பை விரியாது. எரியவே இல்லை என்றால் எவனோ பல்பைக் கழற்றியிருக்கிறான்.

சாவியைத் திருப்பினேன். மற்ற எல்லா விளக்குகளும் எரிந்து அணைந்தன. நான் தேடிய விளக்கு இருக்கிற இடத்தில் அக்கா வைத்த பொட்டு இருந்தது. சந்தனத்தின் ஓரத்தில் லேசாக ஒரு சிவப்பு தெரிந்தது. குங்குமம் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன். கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தால் தெரிந்துவிடும். ஆனால் என் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அவள் கையால் வைத்த குங்குமத்தை அவள் கண்ணெதிரே, அவள் புருஷன் பக்கத்தில் நிற்கும்போது, நான் எப்படி அழிப்பேன்? எங்கள் வீட்டில் எவனும் செய்ய மாட்டான். அந்தப் பாவி இதையும் கணக்குப் போட்டுத்தான் விரலை வைத்துக் காட்டியிருக்கிறான்.

இறங்கி, “அத்தான், ஒரு நிமிசம்” என்றேன். அவர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, நல்ல நேரத்தில் வேறு பேச்சு வேண்டாம், எதுவானாலும் பிறகு சரி பண்ணிக்கொள்ளலாம் என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். “எல்லாம் சரியா இருக்காலே?”

“இருக்குக்கா” என்றேன்.

துபாயில் யாரோ ஒரு பணக்காரனின் வண்டியில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தால்கூட வெளியே விடாதவன் நான். அன்றைக்கு மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒருநாள் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு வரவழைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். அத்தான் ஊர் ஊராக வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு நேரமில்லை. மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை.

சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு பகல். இருவரும் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசிக்கு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன சுற்றுலா வேன் பலாப்பழக் கடையைப் பார்த்ததும் சட்டென்று நின்றது. ஈரச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போய் அதன் பின்புறத்தில் இடித்தது. பெரிய வேகம் ஒன்றுமில்லை. பை விரிந்திருந்தால் இருவரும் எழுந்து நின்று வேன்காரரோடு சண்டை போட்டிருப்பார்கள். அத்தானுக்கு விலாவில் அடி. அக்கா பெல்ட் போட்டுத்தான் இருந்தாள், அது அவளை இழுத்துப் பிடிக்கவில்லை. முகம் முன்பலகையில் மோதித் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வண்டி நின்ற இடத்துக்குப் போனேன். காய்ந்துபோன பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கையால் குத்தினேன். வேடிக்கை பார்த்தவர்கள் வண்டி போன வருத்தம் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் புரோக்கரைத் தேடிப் பிடித்துச் சட்டையைப் பற்றினேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. “பொட்டு வச்சது உங்க அக்கா. பாத்துச் சொன்னது நீங்க. நான் என்ன செய்ய அண்ணாச்சி?” என்றார். அவரை அடித்திருப்பேன். சொன்னதில் இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருந்ததால் கை எழவில்லை. அவர் திருடர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திருடரைக் கண்டுபிடிக்கத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

தாடையைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் அக்கா உறிஞ்சுகுழலில் கஞ்சி குடித்தாள். பேச முடியாது. நான் வாரம் இருமுறை சுரண்டைக்குப் போய் அவள் கட்டிலருகே உட்காருவேன். அவள் என்னை ஒரு கேள்வியும் கேட்டு எழுதிக் காட்டியதில்லை. வெளி அறையில் அத்தான் வருகிறவர்களிடமெல்லாம் என் காதில் விழும்படியே சொல்லிக்கொண்டிருந்தார், மச்சினன் பார்த்து நல்ல வண்டி என்று சொன்னதால்தான் வாங்கினேன் என்று. அதில் பொய்யில்லை.

கம்பியை அவிழ்த்த அன்று வீடு நிறைய ஆட்கள். அத்தானின் அம்மா, சிவகிரியிலிருந்து அவருடைய தங்கை, பங்காளிகள். இன்றைக்கு எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். படியேறும்போதே சொல்ல வேண்டிய வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அத்தான் என்னைக் கண்டதும் ஆரம்பித்தார். துபாய் ரிட்டன் என்றார், எக்ஸ்பர்ட் என்றார், இந்த லட்சணத்தில் ஒர்க்‌ஷாப் வேறு என்றார்.

அக்கா கையை உயர்த்தினாள். ஆறு வாரத்துக்குப் பிறகு அந்த வாய் திறந்தது. சரியாகத் திறக்கவில்லை, வார்த்தைகள் ஒரு பக்கமாக வழிந்தன.

“அவன் அன்னைக்கே வேண்டாம்னு சொன்னான். எங்கிட்டத்தான் சொன்னான். ஒங்க ஆசையக் கெடுக்கக் கூடாதுன்னு நாந்தான் மறைச்சிட்டேன்.”

அறை அப்படியே அவள்மேல் திரும்பியது. அத்தானின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, சொல்லியிருந்தால் இத்தனையும் வந்திருக்குமா என்று ஆரம்பித்தாள். தங்கை சேர்ந்துகொண்டாள். அக்கா கோணிய தாடையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அத்தான் எழுந்து வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “தப்பா நினைச்சிட்டேன் மச்சான், மனசுல வச்சுக்கிடாதிய” என்றார்.

பரவாயில்லை அத்தான் என்றேன்.