சிவம் மாமாவின் மூச்சு

கேக்குக்கு மாவு நிறுக்கிறேன். தராசில் எண் நிற்கவில்லை. என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

எண்பதுகளில், கிளென் ஈடன் வீட்டு கராஜில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. நெடுந்தூர மான் வேட்டைக்கான தோட்டாக்களை அப்பா தானே நிரப்புவார். பித்தளைக் கூடுகள் வரிசையாக நிற்கும். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்துவிட்டு, வெடிமருந்தை மணிமணியாகத் தராசில் விடுவார். மூச்சுப் பட்டாலே முள் ஆடும். வேட்டைக்குக் கூடப்போகும் சிவம் மாமாவுக்கோ இழுப்பு.

"வெளியில போய் நில்லு மச்சான், உன்ர மூச்சுக்கு முள் ஆடுது" என்று அப்பா சிரிப்பார்.

ஒரு குளிர்காலம், எதிர்மலைப் புதரில் அசைந்ததை மான் என்று நினைத்து அப்பா சுட்டார். அது சிவம் மாமா.

துவக்கைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் அப்பா தோட்டா நிரப்புவதை நிறுத்தவில்லை. ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். இருவரும் மூச்சைப் பிடித்திருந்தோம். முள் ஆடியது. சற்று நின்றது. பிறகு இழுத்து இழுத்து ஆடியது.

நான் வாயைத் திறக்குமுன் அப்பா மெதுவாகச் சொன்னார்: "பொறு பிள்ளை. அவன் மூச்சை விட்டு முடிக்கட்டும்."

இன்று அப்பாவும் இல்லை. இந்த பிளாட் புஷ் வீட்டு அடுக்களையில் ஜன்னல்கள் அடைத்திருக்கின்றன. எண் இன்னும் ஏறி இறங்குகிறது. மாவுக் கரண்டியோடு பொறுத்து நிற்கிறேன்.