சொல்லாமல் விட்ட சூடு

றோசலின் மிஸ்ஸி இறந்துவிட்டார் என்ற செய்தி வியாழன் காலை வட்டக்கச்சிக்கு வந்தது. எலிக்காய்ச்சலாம், வயல் சேற்றிலும் வெள்ளத்திலும் தொற்றுகிற அதே காய்ச்சல். பிந்தித்தான் மருந்தெடுக்கப் போனாராம். ஃபோனை வைத்ததும் என் வலது மணிக்கட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். சுயநலக்காரி என்று நீங்கள் திட்டலாம். ஆனால் மூட்டுவாதக் கிளினிக் வாங்கில் குந்தியிருந்து அந்தத் தாதிக்காகக் காத்திருந்தவர்கள் திட்டமாட்டார்கள். அவர்களும் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஸ்கான் பார்த்த டொக்டர், "மூட்டுக்குள்ள புது இரத்தக்குழாயள் வளர்ந்திருக்கு" என்றார். எனக்கு ஒரே புளுகம், சந்தோசம். இரத்தம் ஓடட்டும் என்று எண்ணெய் பூசித் தேய்க்கிற ஊர் அல்லவா எங்களது! குணமாகிறது என்று நினைத்து, வாரம் ஒருமுறை போடும் குளிசையை நிறுத்திவிட்டேன். இரண்டு மாதத்தில் வகுப்பில் வெண்கட்டி பிடிக்க முடியவில்லை.

மிஸ்ஸி தலையில் கை வைத்தார். "ஐயோ ரீச்சர்! மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வு களை மாதிரித் தடிக்குது. அந்தப் புதுக் குழாயள் களைக்கு வெட்டின கள்ள வாய்க்கால். பாயப் பாயக் களை கொழுத்து எலும்பை அரிக்கும்."

"கடற்கரைக்காரிக்கு வயல் கதை எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"உங்களோட மாரடிக்கிறன், தெரியாமப் போகுமே?"

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து ஃபோனில் கோல் எடுப்பார். "குளிசை போட்டிட்டீங்களோ?" அவ்வளவுதான் கதை.

மூட்டை அமுக்குமுன் புறங்கையை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். "நோவு எல்லாருக்கும் இருக்கு. எனக்குச் சூட்டைச் சொல்லுங்கோ. இரத்தம் கூடப் பாயிற இடம்தான் சுடும்" என்பார்.

கடைசிக் கிளினிக்கில் அந்தப் புறங்கைதான் கொதித்தது. 'உங்கட கையெல்லோ சுடுது, மிஸ்ஸி' என்று நாக்கு வரை வந்தது. அவர் வீட்டுக்குப் போய்விட்டால் என் கையை யார் பார்ப்பது என்று பயந்தேன். வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.

இந்த ஞாயிறு கோல் வரவில்லை. குளிசையை நானாகப் போட்டேன். மிஸ்ஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியது புறங்கையால் தொட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஒன்றுதான். பின்னேரம் பக்கத்து வீட்டுச் செல்வி வயல் வேலை முடித்து வந்து தேத்தண்ணி நீட்டியபோது அவள் விரல் பட்டது. உடனே அவள் நெற்றியில் புறங்கையை வைத்தேன்.

"சும்மா தடிமன்தான், ரீச்சர்" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

"சுடுது பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடு" என்றேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே ஓட்டோவுக்குக் கோல் எடுத்தேன்.