இரண்டு தம்ளர் கசாயம்

தொண்ணூறுகளின் கடைசியில், மதுரை விளாங்குடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் நான், என் கணவர், மாமனார், மாமியார், அவ்வளவுதான்.

முதலில் எங்கள் வீட்டுக் கசாயப் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் என் மாமியாரிடம் அடுப்பங்கரையில் பதில் உண்டு. தும்மினால் துளசியும் மிளகும். இருமினால் தூதுவளை. வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர். தலைவலி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு, அடுத்த நிமிடம் உரலில் சுக்கும் மல்லியும் இடிபடும் சத்தம் கேட்கும். என் கணவர் மாத்திரையைச் சட்டைப்பையில் ஒளித்து வைத்துக் கொல்லைப்புறம் போய் விழுங்கிவிட்டு வருவார். நான் கொஞ்சம் வாய்க்காரி. "ஏன் அத்தை, கால் தடுக்கி விழுந்தாலும் கசாயந்தானா?" என்று கேட்பேன். "விழுந்து பாரு, தாரேன்" என்பார் அவரும் விடாமல்.

மாமனார் அதற்கு நேர்மாறு. வாயிலிருந்து வார்த்தையே வராது. மேற்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மில் வேலைக்காக மதுரைக்கு வந்து, ஓய்வும் பெற்றுவிட்டவர். மருமகளிடம் முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று நினைக்கிற ரகம். தண்ணீர் வேண்டும் என்றால் சுவரைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி கெடைச்சாத் தேவல" என்பார். வீட்டில் நானும் அவரும் மட்டும் இருந்தாலும் அப்படித்தான். சுவரா எழுந்து தண்ணீர் கொண்டு வரும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கொண்டுபோய் வைப்பேன்.

இந்த நிலையில்தான் நான் உண்டானேன். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்க வேண்டும். எனக்கு அம்மா இல்லை, கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அதனால் மாமியார் வீட்டிலேயே பிரசவம் பார்ப்பது என்று முடிவானது. அம்மா இல்லாத பெண்ணுக்கு ஒரு பயம் உண்டு. நமக்கு யார் பார்த்துப் பார்த்துச் செய்யப் போகிறார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். நிறைமாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், கணவரைக் கூட்டிக்கொண்டு கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துச் சாமானை மொத்தமாக வாங்கி வந்துவிட்டேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் கலந்து ஒரு பெரிய பொட்டலம். பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்கு அதில்தான் கசாயம் போடுவார்கள்.

கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்துத் தயங்கினார். "புள்ள பொறந்த பெறகு வந்து வாங்கிக்கலாமேம்மா" என்றார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று எதையும் வாங்க மாட்டார்கள். தொட்டில் துணிகூட எடுக்க மாட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு என்று சிரித்துவிட்டுக் கையோடு வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பார்த்த மாமியாரின் முகம் சுருங்கிப் போனது. அதை வாங்கிப் பரணில் ஏற்றி வைத்தார்.

குழந்தை அழவே இல்லை.

கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது என்று டாக்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது. பெண் குழந்தை. நான் மயக்கம் தெளிந்து கேட்பதற்குள் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டார்கள். முகத்தைப் பார்த்தால் தாங்க மாட்டாள் என்று பெரியவர்கள் முடிவு பண்ணினார்களாம். மாமியார்தான் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கியவர். குழந்தை எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லையே. வலி என்றால் அப்படி ஒரு வலி. மாமியார் தெருவில் போன பூக்காரியைக் கூப்பிட்டு மல்லிகை வாங்கி, துணியில் பரப்பி, மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினார். பால் வற்றுவதற்காக. மதுரையில் பிறந்து வளர்ந்தவள் நான். மல்லிகை வாசம் பிடிக்காமல் போனது அன்றையிலிருந்துதான்.

பால் வற்றியது. ஆனால் மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. எழுந்து நின்றால் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். வயிறு காற்று அடைத்துக்கொண்டு கிடக்கும். உடம்பெல்லாம் குளிரும். ஆஸ்பத்திரி மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினேன். ஆனால் என் காது உரல் சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தது. தும்மலுக்கெல்லாம் கசாயம் போட்ட வீட்டில் எனக்கு மட்டும் அடுப்பு மூட்டவில்லை. ரசம் சோறு தட்டில் வரும், போகும். அத்தை என் முகத்தையே பார்க்க மாட்டார்.

ஒருநாள் துக்கம் கேட்க ஒரு சொந்தக்காரம்மா வந்திருந்தார். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்தாரோ, இல்லை கேட்கட்டும் என்றே சொன்னாரோ தெரியவில்லை. "வயித்துல இருக்கையிலேயே மருந்த வாங்கி வீட்டுக்குள்ள வச்சா, வார உசுரு தங்குமா?" என்றார். சாயங்காலம் என் மாமியார் பரணிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில், பழைய டப்பாக்களோடு போட்டார்.

சொன்னால் நம்புவீர்களா, படித்த பெண் நான், அதை அப்படியே நம்பினேன். என் அவசரந்தான் என் பிள்ளையைக் கொன்றது என்று நம்பினேன். டாக்டர் சொன்னதெல்லாம் காதோடு போய்விட்டது. எனக்கு எதற்குக் கசாயம், இந்த வலி எனக்கு வேண்டியதுதான் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். கணவர் பாவம், வேலைக்குப் போகும் முன் வந்து தலைமாட்டில் நிற்பார்.

ஒரு முற்பகல். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாமியார் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கேனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். கொல்லைப்புறத்திலிருந்து ஏதோ கருகுகிற வாடை வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தேன்.

மூன்று செங்கலை வைத்து அடுப்பு மூட்டி, அதன்முன் குந்தியிருந்தார் மாமனார். வாழ்க்கையில் அடுப்பங்கரைக்குள் கால் வைக்காத மனிதர். கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது. பக்கத்தில் அந்தப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. சட்டியில் என்னவோ கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்கு வந்ததே ஒரு ஆங்காரம். "மாமா, அதைத் தொடாதீங்க! அதுதான் எம்புள்ளையத் தின்னுருச்சு!" என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பினார். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "சுக்கும் மொளகும் புள்ளையத் திங்குமா தாயி?" என்றார்.

சட்டியிலிருந்து ஒரு தம்ளரில் ஊற்றி, ஊதி, தானே ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப் போனது. "நான் குடிச்சுட்டேன். எனக்கு என்ன ஆகுதுன்னு பாரு" என்று சொல்லி, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினார்.

அந்த நேரம் பார்த்து மாமியார் கேனோடு உள்ளே வந்தார். கொல்லையைப் பார்த்ததும் கேனைப் பொத்தென்று வைத்தார். "என்ன செய்றீக? புள்ள தங்காத ஒடம்புக்கு எதுக்கு அது?"

"புள்ள தங்கலேன்னா பெத்த ஒடம்பு இல்லேன்னு ஆயிருமா?" என்றார் மாமனார். சாம்பலைக் கிளறினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "மூத்தது அழாமப் போனப்ப ஒனக்கும் குடுக்கல. எங்காத்தா வேணாமுன்னுச்சு, நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன். இன்னைக்கும் இடுப்பப் புடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கிற."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கணவர்தான் மூத்த பிள்ளை என்று நினைத்திருந்தேன். அவருக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து அழாமலே போயிருக்கிறது. அந்த வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை, என் கணவருக்கே தெரியாது. அத்தை ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மக்கு.

மாமனார் இரண்டு தம்ளரில் ஊற்றினார். ஒன்றை என்னிடம் நீட்டினார். இன்னொன்றை மாமியாரிடம் நீட்டினார்.

"இம்புட்டு வயசுக்கு மேல எனக்கு எதுக்கு" என்றார் அத்தை. ஆனால் கை நீண்டு வாங்கிக்கொண்டது. துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார். நானும் வாசற்படியில் உட்கார்ந்து குடித்தேன். சாமானை வறுக்காமல் கொள்ளாமல் அள்ளிப் போட்டு, அடிபிடிக்க விட்டு, கருப்பட்டியைக் கண்மண் தெரியாமல் கொட்டியிருந்தார். அவ்வளவு மோசமான கசாயத்தை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. தொண்டையில் எரிந்துகொண்டே இறங்கி, வயிற்றில் போய்ச் சூடாகத் தங்கியது.

"கருக விட்டுட்டீக" என்றார் அத்தை. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். மாமனார் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தல நெறையா முடி. நெத்தி வரைக்கும் எறங்கி இருந்துச்சு. ஒன்னைய மாதிரியே."

நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான். அதுவரை எனக்கு ஒரு வலி இருந்தது, பிள்ளை இல்லை. அந்த ஒரு சொல்லில் எனக்கு ஒரு மகள் இருந்தாள் என்று ஆனது.

மறுநாள் காலையில் உரல் சத்தம் கேட்டது. அந்தப் பொட்டலம் தீரும்வரை அத்தையே பதமாக வறுத்து, இடித்து, கசாயம் வைத்தார். எனக்கு ஒரு தம்ளர், அவருக்கு ஒரு தம்ளர். என் உடம்பு மெல்லத் தேறியது. அவருடைய இடுப்பு வலி போனதா என்றால், போகவில்லை. அத்தனை வருடம் கழித்துக் குடித்தால் எப்படிப் போகும்? கடைசிவரை இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

மாமனார் திரும்பவும் சுவரோடு பேசப் போய்விட்டார். நான் மறுபடி உண்டானபோது, ஏழாம் மாதமே கடைக்குப் போய் அதே மருந்துப் பொட்டலத்தை வாங்கி வந்து, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி ஹாலில் ஆணியில் மாட்டினார். "யாரு என்ன சொன்னாலும் அது அங்கனதான் தொங்கும்" என்று சுவரிடம் சொன்னார். நான் அந்தப் பக்கம் பார்க்காமலே நடப்பேன். மகன் பிறந்து வீறிட்டு அழுதபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போது அவர்கள் இருவருமே இல்லை. வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் நான்தான் சுக்குத் தட்டிப் போடுகிறேன். அந்த வாடை எழும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, நான் ஒரு தரம்கூடத் தடவிப் பார்க்காத, நெற்றி வரை இறங்கியிருந்த அந்த முடிதான்.