வெள்ளச் சேற்றிலிருந்து வந்த தோல் மிஷின்

மண்ணெண்ணெயும் ஆற்றுச் சேறும் கலந்தால் ஒரு வாசனை வரும். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இரும்பு... கல்யாணமான புதிதில் பல வாரங்களுக்கு என் கையிலும் சேலையிலும் அந்த வாசனைதான்.

வீட்டுக்கு வருகிற நண்பர்கள் எல்லாரும் கேட்கிறீர்கள், கூடம் முழுக்க எதற்கு இத்தனை பழைய தோல் தைக்கும் மிஷின்கள் என்று. முதல் மிஷின் வந்த கதையைச் சொல்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை படுத்துவிட்டது. மலாய் நாட்டில், பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் அந்தோணி மாட்டுவண்டி ஓட்டினார். நான் பாலுக்கு ரப்பர் மரம் சீவினேன். மிச்ச நேரத்தில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களுக்கு ரவிக்கை தைத்தேன். இருவருக்கும் வேலை போனது. ஊருக்குத் திரும்புகிறவர்களைக் கப்பலில் அனுப்புகிறோம் என்று சர்க்காரில் சொன்னார்கள். அவர் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

நாகப்பட்டினம் பக்கத்தில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். நானோ இங்கே தோட்டத்தில் பிறந்தவள். அந்த ஊரில் எனக்கு ஒரு முகமும் தெரியாது.

கப்பல் வரும்வரை, ஆற்றோரத்து மூவார் ஊரில் உறவுக்காரர் வீட்டுப் பின்கட்டில் தங்கினோம். அந்த மழையில் ஆறு பெருகி, துறைக்குப் பக்கத்தில் குதிரை வண்டிகளுக்குத் தோல் வார் தைக்கும் ஒரு சீனர் கடை மூழ்கிப்போயிருந்தது. சேறு அள்ளும் வேலைக்கு நான் போனேன்.

கடை மூலையில், கழுத்தளவு சேற்றில் நின்றது அந்த மிஷின். ரவிக்கை தைக்கிற மிஷினைப் போல் இரண்டு பங்கு பருமன். ஊசியே கோணி ஊசி மாதிரி இருந்தது.

"சுடா மாத்தி லா, செத்துப்போச்சு," என்றார் கடை முதலாளி தௌகே, பாதி மலாயும் பாதி தமிழுமாக. "பழைய இரும்புக்குப் போடப்போறேன்."

"எனக்குக் கூலி வேணாம் தௌகே. இதைக் குடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"கப்பல் ஏறுற நேரத்துல இந்த இரும்பை வச்சிக்கிட்டு என்னம்மா பண்ணப்போற?"

"ஓட வைக்கப்போறேன். ஓடினா வார் தைச்சு நாம இங்கயே பொழைச்சிக்கலாம்."

"ஓடலன்னா?"

"ஓடலன்னா வாயைத் திறக்காம உங்ககூட கப்பல் ஏறுறேன்."

சக்கரம் அசையவே இல்லை. எண்ணெய்த் துளைகளில் இருந்த சேற்றை ஈர்க்குச்சியால் தோண்டினேன். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை மூட்டு மூட்டாகச் சுற்றினேன். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் துரு தேய்த்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலை, சக்கரத்தைப் பிடித்து அழுத்திப் பார்ப்பது. கை தோல் உரிந்ததுதான் மிச்சம். பின்பு கொதிக்கும் வெந்நீர்த் துணியை அச்சில் சுற்றி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டினேன். ஒருநாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுநாள் முழுச் சுற்று வந்தது...

அப்போதுதான் கவனித்தேன். ஊசிக்கு அடியில் நூலைச் சுமந்து ஓடுகிற சிறு இரும்பு ஓடம் இல்லை. அது இல்லாமல் ஒரு தையல்கூட விழாது.

வெள்ளம் எடுத்துப் போயிருக்கலாம். அல்லது, நானே அள்ளிக் கடைக்குப் பின்னால் குவித்த சேற்றில் கிடக்கலாம். ஒரு சல்லடையை எடுத்துக்கொண்டு போனேன். குந்தி உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சலித்தேன். ஆணி வந்தது, கொக்கி வந்தது, கண்ணாடிச் சில்லு வந்தது.

மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாள், என்னை வீட்டுக்குக் கூப்பிட வந்த என் வீட்டுக்காரர் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலின் மறுபக்கம் இறங்கி, கையாலேயே துழாவ ஆரம்பித்தார்.

ஏதோ தோன்றி நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பி, கையை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரமோ... பிறகு குனிந்து, வாளித் தண்ணீரில் எதையோ கழுவினார். வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுவா பாரு."

அதேதான்.

அன்று மாலையே பூட்டி, நூல் கோத்தேன். தைத்துப் பார்க்கத் தோல் இல்லை. அவர் இடுப்பில் கட்டியிருந்த அகலத் தோல் பெல்ட்டைக் கழற்றி நீட்டினார். மெழுகு நூல் தோலைத் துளைத்து, இறுகி, ஒரே சீராக விழுந்தது. அவர் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிறகு, "நாளைக்குப் போய்க் கப்பலுக்குக் குடுத்த பேரை எடுத்துட்டு வரேன்," என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, குதிரை வண்டிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. பத்து பகாட், குளுவாங் போன்ற ஊர்களில் மூலையில் போட்ட மிஷின்களைத் தேடிப் போய் வாங்கினோம். நான் பிரித்தேன், அவர் துரு தேய்த்தார். மாட்டுவண்டி வார், மூட்டைப் பை, படகுப் பாய் என்று எது வந்தாலும் தைத்தோம்.

அவருடைய அம்மாவை அவர் மறுபடி பார்க்கவில்லை. யுத்தம் வந்தது, கப்பல் நின்றது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"அந்த ஓடத்தை ஆத்துல போட்டிருந்தா நான் கப்பல் ஏறியிருப்பேன். ஏன் போடல?"

"போட்டிருந்தா ஆத்தையே சலிச்சிருப்ப," என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. அப்போதெல்லாம் ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்திருக்கும் வண்டிக்காரர்கள், அறுந்த வாரோடு எங்கள் வாசலில் நிற்பார்கள். இப்போது பாலம் வந்துவிட்டது. எல்லாரும் நிற்காமல் போகிறார்கள்.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி மிஷின் வாங்க வந்தார். மிஷினில் இருக்கும் தங்க எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஹோட்டல் வாசல்ல வச்சா அழகா இருக்கும் ஆன்ட்டி. ஓடணும்னு அவசியம் இல்ல."

"அப்ப வேற இடம் பாருங்க தம்பி," என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அன்று மதியம் பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடப் பையைக் கொண்டுவந்தாள். வார் அறுந்திருந்தது. கண் முன்போல் இல்லை, நூல் கோக்கவே நேரம் எடுத்தது... ஆனாலும் கோத்துவிட்டேன்.