பின்பக்கம் ஒட்டாத படம்

சண்டைக் காலத்தில் திருகோணமலையில் ஒரு படத்துக்கு பிறேம் போட்டால் அதன் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்துக்குத்தான் பயப்பட வேண்டும். வழக்கமாகக் கடைசியில் பின்பக்கம் முழுவதும் பிறவுண் தாளை மாப் பசை போட்டு ஒட்டுவோம். ஒட்டாவிட்டால் கடற்காற்று உள்ளே போகும், பூச்சியும் போகும். ஆனால் ஒட்டி அனுப்பினால், உள்ளே என்ன ஒளித்திருக்கிறாய் என்று ஆமியின் சோதனைச் சென்றியில் கத்தியால் கீறிப் பார்ப்பார்கள். கீறுகிற கத்திக்குப் படம் எது, மட்டை எது என்று தெரியாது. அதனால் என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். பின்பலகையை ஆணி அடித்து மூடாமல், திருப்பினால் திறக்கிற சிறிய தகரத் துண்டுகளால் நிறுத்தி வைப்பார். படம் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் வைத்தே தாள் ஒட்டுவது. துறைமுக வீதிப் பக்கம் இருந்த எங்கள் கடையில் அந்த ஒட்டுகிற வேலை என்னுடையது. ஆம்பிளையள் சென்றி தாண்டிப் போனால் திரும்பி வருவார்கள் என்று சொல்ல ஏலாத காலம் அது.

கிண்ணியாவில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் தன் மகள் வரைந்த படத்தைக் கொண்டுவந்து தந்திருந்தார். அந்தப் பிள்ளை சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறவள். பள்ளிக்கூட வாசலில் நின்ற வாகை மரத்தை, பெரிய பிறவுண் தாளில், கலர் சோக்கட்டியால் வரைந்திருந்தாள். விரித்தால் எங்கள் மேசை காணாது. சென்றிக்குப் பார்வை மறைக்கிறது என்று அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். இனிப் பார்த்து வரைய மரம் இல்லை. சோக் தாளோடு ஒட்டி இருப்பதில்லை, சும்மா மேலே இருப்பதுதான். தட்டினால் கொட்டும், தொட்டால் போகும். கண்ணாடியில் முட்டாமல் இருக்க நடுவில் தடித்த மட்டைச் சட்டம் வைத்து, படத்தை மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய தாள் துண்டுகளால் ஒட்டி, கலண்டர் தாள்போலத் தொங்கவிட்டார் இவர்.

“எந்தக் காரணத்துக்கும் கிடத்திப் போடாதையும். முகம் கீழ போனால் சோக் கொட்டுண்டிடும்” என்றார். காலையிலிருந்து அதையே சொன்னார். பிறகு தான் பயப்படுவதை மறைக்க, “உம்மை ஒண்டும் செய்யமாட்டாங்கள்” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் பயம் வந்தது.

படத்தைப் படுக்கை விரிப்பால் சுற்றி, பசைக் கிண்ணத்தையும் தாளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டக்டர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அக்கா, கதவுக்கும் டிக்கெட் எடுக்கோணும்.”

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிர ஏலாமல் போய்விட்டது. நான் அந்நியருடன் கதைக்கிறவள் இல்லை. கடைக்கு ஆள் வந்தாலே குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன். பள்ளம் வரும்போதெல்லாம் படத்தைத் தரையில் முட்டவிடாமல் என் பாதத்தின் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். உள்ளே பச்சைத் தூள் கொட்டுகிற சத்தம் கேட்பதுபோலவே இருந்தது. தூளுக்கு ஏது சத்தம்?

துறையடிக்கு முன்னால் இருந்த சென்றியில் எல்லோரையும் இறக்கினார்கள். எனக்கு முன்னால் தயிர்ச் சட்டியோடு நின்ற கிண்ணியாக் கிழவி திரும்பிப் பார்த்து, “அதத் தொறந்து காட்டிரு புள்ள. தொறக்காட்டி ஒடைப்பானுகள்” என்றாள்.

பொடியன் வயசு ஆமிக்காரன் ஒருவன் விரிப்பை அவிழ்த்தான். “மே மொகத?” இது என்ன என்று கேட்கிறான் என்பது விளங்கியது. “பின்தூர” என்றேன். படம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அதிலேயே முடிந்துவிட்டது. அவன் படத்தை மேசையில் முகம் கீழாகக் கிடத்தப் போனான்.

“எப்பா” என்றேன்.

வேண்டாம் என்று ஆமிக்காரனுக்குச் சொன்னது என் வாய்தான் என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. தயிர்க் கிழவி ஒரு எட்டு விலகி நின்றாள். அவன் கை நின்றது. முகம் மாறியது. சொல்லி விளங்கப்படுத்த எனக்குப் பாஷை இல்லை.

படத்தை நிமிர்த்திப் பிடித்தபடியே தகரத் துண்டுகளைத் திருப்பிப் பலகையைக் கழற்றினேன். தாளின் கீழ் விளிம்பை மெல்லத் தூக்கி, விரலை உள்ளே விட்டு, ஓரத்தைத் தொட்டு வெளியே எடுத்து அவனுக்குக் காட்டினேன். விரல் நுனி முழுக்கப் பச்சை.

அவன் என் விரலைப் பார்த்தான். பிறகு குனிந்து, நான் தூக்கிப் பிடித்திருந்த தாளின் கீழே எட்டிப் பார்த்தான். பார்த்ததோடு விடாமல் தானும் விரலை விட்டுத் தொட்டான். தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தொடைப் பக்கம் களிசானில் துடைத்து, போ என்று தலையாட்டினான். பலகையைத் திரும்ப மூட என் கைக்குக் கனநேரம் எடுத்தது.

பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடக்கும்போதும் நான் விரிப்பை விலக்கிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

கிண்ணியாவில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சுவரில் சாய்த்து வைத்தபோதுதான் கண்டோம். நான் தொட்ட இடம் மட்டைச் சட்டத்துக்குள் மறைந்திருந்தது. அவன் விரல் நீளம். மரத்தின் அடியில், புல்லில், ஒரு வெளிறிய விரல் அடையாளம்.

“இது ஆருட கை?” என்றாள் அந்தப் பிள்ளை.

“சென்றியிலை...” என்றேன்.

தகப்பனுக்கு முகம் சிவந்தது. “மரத்தையும் வெட்டிட்டு, படத்துலயும் கை வெச்சிட்டானுகளா? நீ அதுக்கு மேல பச்சயப் பூசு புள்ள.”

அவள் கிட்டப்போய்க் குந்தியிருந்து பார்த்தாள். நான் என் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

“பூசத் தொறந்தா இன்னும் கொட்டும் வாப்பா. கொப்பெல்லாம் அப்படியே இரிக்கி. ஒரு எலை போகல்ல.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்க ஒட்டுங்க அக்கா. கடைசிப் பாதை போயிரும்” என்றாள்.

சுவரோடு நிறுத்தி வைத்தே பசை பூசினேன். அவசரத்தில் தாள் கோணலாகப் போனது. இழுத்துச் சரிசெய்ய நேரமில்லை. அவர்கள் தந்த பிளேன்ரீயைச் சுடச்சுடக் குடித்துவிட்டுத் துறையடிக்கு ஓடினேன்.

பஸ் ஸ்ராண்டில் இவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ, சேட்டு முழுக்க வியர்வை.

“படம்?”

“குடுத்திட்டன். பின்பக்கம் மட்டும் கொஞ்சம் கோணல்.”

“பின்பக்கத்தை ஆர் பாக்கப் போறான்” என்றார், ஆறுதலுக்கு.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, நடுத் தெருவென்றும் பாராமல், அப்படியே நின்றேன்.