மூணு ஜாக்கெட், நாலு பேர்

விளாங்குடியில் அப்துல் ஹலீம் நடத்தும் பம்ப்செட் ரிப்பேர் கடையில், அவர் மனைவி நாஸியாதான் பதினாறு வருஷமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறாள். எரிந்துபோன மோட்டார்களையே பார்த்துப் பழகியவள். அதனால் ஹலீம் ஆசைப்பட்டுப் பழைய ஃபைபர் போட் ஒன்றை இன்ஜினோடு வாங்கி வந்தபோது, அவள் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"நடுத்தண்ணியில இன்ஜின் நின்னுபோனா என்ன செய்வீக?"

"நிக்காது புள்ள."

"நம்ம கடைக்கு வாரவுக எல்லாரும் இதத்தான் சொன்னாக."

அவள் விடவில்லை. லைஃப் ஜாக்கெட் மூன்று, நங்கூரம், நீளமான நைலான் கயிறு, ஒரு துடுப்பு, விசில் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் போட் தண்ணீரில் இறங்கியது. அவள் மட்டும் ஒருநாளும் ஏறவில்லை. தண்ணீர் என்றால் அவளுக்குப் பயம்.

கார்த்திகை மழையில் கீழக்குயில்குடிப் பக்கத்துக் கண்மாய் ஒன்று நிரம்பி, உபரித் தண்ணீர் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு காலை ஹலீமின் தம்பி நஜீமும் அவன் மனைவி ஆஷிகாவும் வந்திருந்தார்கள். ஆஷிகா கெஞ்சியதால் நாஸியாவும் கரைக்கு வந்து, முதல்முறையாகப் போட்டில் ஏறினாள். எல்லாரும் ஏறியதும் எண்ணிப் பார்த்தாள். ஆள் நாலு, ஜாக்கெட் மூன்று.

"ஒருத்தர் இறங்கணும்" என்றாள்.

நஜீம் சிரித்தான். "எனக்கு நீச்சல் தெரியும் மதினி. ஜாக்கெட் எதுக்கு?"

"அப்ப கரையில நின்னு நீந்து."

ஹலீமுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அஞ்சு நிமிஷ ரவுண்டுக்கு இம்புட்டுப் பேச்சா? தம்பி என்ன நினைப்பான்?" நாஸியா நகரவில்லை. தானே இறங்கலாம் என்றால் ஆஷிகா கையை விடவில்லை. கடைசியில் நஜீம் இறங்கி, கரையில் இருந்த கண்மாயின் மீன் குத்தகைக்காரர் மருதுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நடுக்கண்மாயைத் தாண்டியதும் இன்ஜின் ஒருமுறை இருமியது. அப்புறம் சத்தமே இல்லை. தண்ணீருக்கு அடியில் சுழலும் இன்ஜின் விசிறியில் ஆகாயத்தாமரை கொத்தாகச் சுற்றியிருந்தது. ஹலீம் இன்ஜினின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். கிளம்பவில்லை. அந்த அமைதியில்தான் நாஸியாவுக்குக் கலுங்கின் இரைச்சல் கேட்டது. உபரித் தண்ணீர் கல் வரிசையைத் தாண்டி எட்டடிப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. போட்டின் மூக்கு மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

ஹலீம் துடுப்பை எடுத்து வலித்தார். ஒற்றைத் துடுப்புக்கு போட் வட்டம்தான் அடித்தது. விசிறியில் சுற்றிய கொடியை அறுக்கக் குனிய வசதியாக இருக்கட்டும் என்று ஜாக்கெட்டின் பக்கிளில் கை வைத்தார்.

"கழட்டுனீகன்னா நானும் கழட்டிருவேன்!" நாஸியா கத்தினாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

நாஸியா நங்கூரத்தைத் தூக்கி வீசினாள். அது சேற்றில் உழுதுகொண்டே வந்தது, பிடிக்கவில்லை. ஆனாலும் போட் வேகம் குறைந்தது. ஆஷிகா அழுதபடியே விசிலை ஊதினாள். கரையில் நஜீம் எழுந்து கலுங்கை நோக்கி ஓடுவது தெரிந்தது. பின்னாலேயே மருது.

ஹலீம் நைலான் கயிற்றின் ஒரு முனையைப் போட்டில் கட்டி, மீதியைச் சுருட்டிக் கரைப் பக்கம் வீசினார். பாதி தூரத்திலேயே தண்ணீரில் விழுந்தது. மறுபடியும் வீசினார். மறுபடியும் அதே. கலுங்குக்கு இன்னும் முப்பது நாற்பதடிதான்.

தண்ணீர் நம்மை எங்கே இழுக்கிறதோ, அங்கேதானே நஜீமும் மருதுவும் நிற்கிறார்கள் என்று நாஸியாவுக்கு அப்போது பட்டது. போட்டில் கிடந்த காலி தண்ணீர் கேனை எடுத்து மூடியை இறுக்கி, கயிற்றின் நுனியை அதன் பிடியில் கட்டினாள். பதினாறு வருஷம் செம்புக் கம்பி சுற்றிய விரல்களுக்கு முடிச்சு தப்பவில்லை. கேன் போட்டை முந்திக்கொண்டு மிதந்து போனது.

மருது ஒரு கையால் கலுங்குக் கல்லைக் கட்டிப்பிடித்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். கேன் அவர் விரல் நுனியில் பட்டு விலகியது. "அண்ணே, பிடிங்கண்ணே!" என்று நஜீம் அலறினான். மருது இன்னும் எட்டிப் பிடித்துவிட்டார்.

இருவரும் கயிற்றோடு கலுங்கை விட்டு விலகிக் கரைமேல் ஓடினார்கள். நஜீம் கருவேல மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முழுப் பலத்தோடு சாய்ந்து நின்றான். கயிறு விறைத்தது. போட் ஒரு கணம் கலுங்கின் வாய்க்கு நேரே நின்று குலுங்கியது. பிறகு மெல்ல வளைந்து கரையைத் தேடி வந்தது.

இறங்கிய பிறகு நஜீம் அண்ணனைக் கட்டிக்கொண்டான். பிறகு நாஸியாவிடம் வந்தான். "நானும் போட்டுல வந்திருந்தா கயித்தப் பிடிக்க மருதண்ணே ஒத்த ஆளுதான் மதினி" என்றான். கயிறு உரசி அவன் உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம் கசிந்தது. அவள் துப்பட்டாவின் நுனியைக் கிழித்துக் கட்டுப்போட்டாள்.

திங்கட்கிழமை கடையில் ஹலீம் வெகுநேரம் இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இனி வரமாட்டேல்ல?"

"வாரேன்" என்றாள் நாஸியா. "ஆனா மறுகால் நிக்கட்டும். அதுவரைக்கும் போட் தண்ணியில இறங்கக் கூடாது."

மறுகால் நிற்க நாற்பத்தொரு நாள் ஆனது. அதுவரை போட் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஹலீம் ஒருநாளும் முணுமுணுக்கவில்லை.