வெறும் வண்டி எடை

லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. ஓட்டுநர்கள் வைத்த பெயர் தராசு. சரக்கோடு ஒரு எடை, சரக்கை இறக்கிய பின் வெறும் வண்டி எடை; கழித்தால் கணக்கு முடிந்தது. டேங்கில் தண்ணீரை நிரப்பி அதையும் சரக்கில் சேர்க்கப் பார்க்கிறவர்களை, வண்டி மேடையேறும்போது குலுங்குகிற தினுசிலேயே பிடித்துவிடுவார். "தண்ணிய ஊத்திட்டு வாப்பா" என்பார், தலை நிமிராமல்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஏமாந்தார்.

மனைவிக்குச் சினைப்பையில் புற்றுநோய். டாக்டரம்மா விளக்கியதில் அவர் காதில் தங்கியது ஒன்றே ஒன்று: உடம்பு இளைத்தால் சிகிச்சையைத் தாங்காது. அன்றே எடை பார்க்கும் கருவி வாங்கிக் கட்டிலடியில் வைத்தார். தினமும் அவளை ஏற்றினார். எடை கூடியது.

"பாத்தியா, ஏறுது!"

"லாரின்னு நெனப்பா? ஹாரன் அடிக்கவா?" என்றாள்.

அந்த வாரம்தான் காபித்தூள் பாட்டிலை அவரிடம் நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இறுகிய மூடிகளையெல்லாம் திறந்தவள் அவள். தன் புஜபலத்துக்குத் தாமதமாகக் கிடைத்த மரியாதை என்று எண்ணி, மகிழ்ச்சியோடு திறந்து கொடுத்தார்.

அடுத்த முறை டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஸ்கேனைப் பார்த்தார். "ஐயா, ஏறினது சதை இல்ல, வயித்துல தண்ணி. சதை கரைஞ்சிருக்கு. ரத்தத்துல அல்புமின்ங்கற புரதம் கம்மி, கட்டியைக் காட்டுற சி.ஏ. 125 ரொம்ப அதிகம்." பிறகு கைப்பிடியின் வலுவை அளக்கும் ஒரு கருவியை அவளிடம் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் சோம்பலாக அசைந்து நின்றது. "இப்போ ஆபரேஷன் பண்ணா தாங்க மாட்டாங்க. தண்ணிய எடுத்துட்டு மூணு கீமோ. அப்புறம் பாத்து முடிவு பண்ணலாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "தண்ணிங்கறது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

"வண்டியான எனக்கே தெரியல, விடுங்க."

தண்ணீரை எடுத்ததும் எடை சரிந்தது. நல்லதுதான் என்றார்கள். நல்லது என்று தெரிந்தும், காலையில் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவளை இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். அவள் முட்டை தின்றாள், வாந்தி எடுத்தாள், திரும்பவும் தின்றாள். ரப்பர் பந்தைப் பிசைந்தாள். மூன்று கீமோவும் முடிந்து டாக்டரம்மா முடிவு சொல்லும் நாளில், அவள் எழுவதற்கு முன் அவர் காபித்தூள் பாட்டிலின் மூடியைத் தளர்த்தி வைத்தார். அவள் தொட்டதும் திறந்துகொண்டது.

"யாரை ஏமாத்துறீங்க? மூடி இறுக்கிக் குடுங்க."

பிறருடைய கள்ள எடையைப் பிடித்தே பிழைத்தவர் தலையைக் குனிந்துகொண்டு இறுக்கினார். அவள் பல்லைக் கடித்துத் திருகினாள். மூடி நகர்ந்தது, திறக்கவில்லை.

டாக்டரம்மா தாள்களை நிதானமாகப் புரட்டினார். சி.ஏ. 125 நன்றாக இறங்கியிருந்தது. அல்புமின் கொஞ்சம் ஏறியிருந்தது. மிச்சம் அந்தக் கருவி. அவள் அழுத்தினாள். அவர் முள்ளைப் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டில் புடைத்த நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லயே! ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துடலாம்."

"அப்போ சரியாயிடுமா, டாக்டர்?" என்றார் அவர்.

"எல்லாக் குறியும் நல்ல பக்கமாத்தான் காட்டுது. ஆனா குறி வேற, உத்தரவாதம் வேற."

வாசலருகே எடை பார்க்கும் கருவி இருந்தது. யாரும் சொல்லாமலே அவள் ஏறி நின்றாள்.

"சரக்கோட எடையைப் பாத்து வச்சுக்குங்க. ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் வெறும் வண்டி எடையைக் கழிச்சுப் பாக்கணும்ல?"

ஆயிரம் ஓட்டுநர்களுக்கு எண்ணை உரக்கச் சொன்னவர் குனிந்து பார்த்தார். முள் நின்றுவிட்டது. அவருக்குத்தான் எண் தெரியவில்லை.

"சொல்லுங்க, பின்னாடி ஆளு நிக்கிறாங்க" என்றாள்.